டப்பா நிறைந்த வீடு

சபையின் ஆண்டு மலருக்குப் பிடியரிசியைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஒரு பையன் வந்தான். "பழைய ஞாபகம், இனிமையா ஒரு பக்கம் போதும் ஆன்ட்டி" என்றான். இனிமையாம்! காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். மலருக்கு நான் எழுதவில்லை. என் வயதுக்காரர்களே, உங்களுக்கு எழுதுகிறேன். மிஷன் சபையில் பிறந்து வளர்ந்த உங்கள் வீட்டிலும் ஒரு பிடியரிசி டப்பா இருந்திருக்கும். இல்லை என்றால் நம்ப மாட்டேன்.

தெரியாதவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். உலையில் போடுவதற்கு முன் அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட வேண்டும். மாதக் கடைசியில் சபையிலிருந்து ஓர் அம்மா சாக்குப் பையோடு வீடு வீடாக வருவார். பிள்ளைகள் நாங்கள் அவருக்குப் பிடியரிசியம்மா என்று பெயர் வைத்திருந்தோம். எல்லா வீட்டு அரிசியும் அந்தச் சாக்கில் விழும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் அதை ஏலம் விட்டுக் காசைக் காணிக்கையில் சேர்ப்பார்கள். நல்ல வழக்கம்தான். அரிசி தின்கிற வீட்டுக்கு நல்ல வழக்கம்.

எங்கள் வீட்டில் தின்றது களி. காலையில் கூழ், ராத்திரியில் களி. தொட்டுக்கொள்ளப் புளிச்சகீரையோ, சுட்ட மிளகாயும் வேர்க்கடலையும் வைத்து அரைத்த துவையலோ. நெல்லுச்சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. அப்புறம் எந்த உலையிலிருந்து எந்தப் பிடியை எடுப்பது?

மனுஷன் சந்திரனில் இறங்கிவிட்டான் என்று ரேடியோ சொன்ன வருஷமோ, அதற்கு முந்தின வருஷமோ. சரியாக ஞாபகம் இல்லை. வடமாலபேட்டையிலிருந்து புத்தூர் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் மிஷன் தெரு. மேற்கு வரிசையில் ஓட்டு வீடுகள். ஸ்கூல் ஹெட்மாஸ்டர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர், குமாஸ்தா இவர்களுடையது. கிழக்கு வரிசை குடிசைகள். கிணறு வெட்டுகிறவர்கள், கடலைக்காய் பிடுங்குகிறவர்கள் அங்கே. ஞாயிற்றுக்கிழமை இரண்டு வரிசையும் ஒரே கோயிலில் உட்காரும். நாங்கள் பாயில், அவர்கள் பெஞ்சியில். எல்லோரும் ஆண்டவரின் பிள்ளைகள்!

எங்கள் டப்பா பெரியது. அதுதான் வினை. மற்றக் குடிசைகளில் ஒரு சின்ன ஓலைப்பெட்டியோ மண்கலயமோ வைத்திருப்பார்கள். நாலு பிடி போட்டால் பாதி நிறைந்துவிடும். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைசாணி ஒருவர் வீட்டுச் சமையலறையில் வேலை செய்தவள். அந்தத் துரைசாணி ஊருக்குத் திரும்பும்போது அம்மாவுக்குக் கொடுத்தது அந்த பிஸ்கட் டப்பா. நீல நிறம், சதுரமாக, நல்ல ஆழம். மூடியில் பனி பெய்கிற தெருவும் குதிரை வண்டியும் வரைந்திருக்கும். பனி என்றால் என்னவென்று தெரியாத வயதில் அதைச் சிந்திய பச்சரிசி மாவு என்று நினைத்து நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பிடி போட்டால் அடியில் பத்துத் தானியம் கிடக்கிற மாதிரிதான் தெரியும்.

வேறு டப்பா வைத்தால் என்ன என்பீர்கள். நைனாவும் அதைத்தான் சொன்னார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.

"இந்தாமே, வயித்துக்கு இல்லாத அரிசி டப்பாவுக்கு இன்னாத்துக்கு? ஒரு கொட்டாங்கச்சிய வெச்சிக்கோ. போதும்."

"ஆமா, கொட்டாங்கச்சி! கோதுமைக்கு வேதத்துல சேந்தவங்கன்னு ஊர்ல பேசறது உனுக்குக் காதுல வுழல? கடலக்கா கொல்லையில என் மூஞ்சிக்கு நேராச் சொல்றாளுங்க. துன்றதுக்கு வந்தவ இல்ல நானு. குடுக்கறவ."

இதுதான் அம்மாவின் கதை முழுவதும். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவையையும் பால் பவுடரையும் மிஷனில் கொடுத்த காலத்தில் அம்மாவும் வரிசையில் நின்றவள். யார்தான் நிற்கவில்லை? ஆனால் ஊர்க்காரர்கள் சொன்ன அந்த ஒரு சொல் அம்மாவுக்குள் முள்ளாய்த் தைத்து நின்றுவிட்டது. வாங்குகிற கை இல்லை, கொடுக்கிற கை என்று காட்ட அவளிடம் இருந்தது அந்த டப்பா ஒன்றுதான்.

அதனால் கேழ்வரகைக் கொடுத்து அரிசி வாங்கினாள். நைனாவுக்குக் கிணற்று வேலையில் கூலி பாதி காசு, பாதி கேழ்வரகு. அந்தக் கேழ்வரகில்தான் கை வைத்தாள். தெரு வெயிலில் வெறிச்சோடிக் கிடக்கிற நடுமத்தியானம் பார்த்து என்னை ரோட்டோரக் கடைக்கு அனுப்புவாள். முந்தானைத் துணியில் முடிந்த கேழ்வரகு, அதன்மேல் இரண்டு வறட்டி. யாராவது கேட்டால் வறட்டி கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

கடைக்காரர் தெலுங்குக்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார்.

"ஏம் பாப்பா, ராகியா? தே, தே. இங்க கொட்டு."

கேழ்வரகைப் படியில் கோபுரமாகக் குவித்து அளப்பார். சரிந்து விழுவது அவர் பக்கம். அரிசி அளக்கும்போது ஒரு குச்சியால் படியின் தலையைத் தட்டி வழித்துவிடுவார். வழித்ததும் அவர் பக்கம். ஒரே படி, வாங்கும்போது ஒரு மாதிரி, கொடுக்கும்போது ஒரு மாதிரி. நான் வாய்விட்டுக் கேட்டேன் ஒரு நாள்.

"எங்களுத மட்டும் கோபுரமா அளக்கறீங்க?"

"ராகி சின்னது பாப்பா, நிக்கும். பிய்யம் வழுக்கும்" என்றார். பிய்யம் என்றால் அரிசி. அதோடு ஒரு சிட்டிகை வெல்லம் கையில் வைத்தார். வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

அந்த அரிசி கலப்பரிசி. புழுங்கலும் பச்சரிசியும், சன்னமும் மோட்டாவும், நடுவே சிவப்பரிசியும். உலையில் போட்டால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. இப்படி ஒரு அரிசி எங்கே விளைகிறது என்று யோசித்திருக்கிறேன். ஒரு ஞாயிறு கோயில் வாசலில் விடை கிடைத்தது. பிடியரிசிச் சாக்கை ஏலம் எடுத்தவர் அதே கடைக்காரர்தான். வேறு யார் எடுப்பார்கள் அந்தக் கலப்பரிசியை? மறுநாள் கடையில் அந்தச் சாக்கே வாய் திறந்து நின்றது. சபையின் சிலுவை அடையாளம்கூட அழியவில்லை. எங்கள் கேழ்வரகு கடைக்குப் போய் அரிசியாகிறது. அரிசி டப்பாவுக்குப் போகிறது. டப்பாவிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து மறுபடியும் எங்கள் டப்பாவுக்கு. ஒவ்வொரு சுற்றுக்கும் கடைக்காரர் படியின் தலையைத் தட்டித் தன் பக்கம் வழித்துக்கொள்கிறார். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுச் சாப்பாடு. அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாத, மனசு வுட்டுடும்" என்றாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவளுக்காகத்தான் எழுதுகிறேன்.

அக்கா எட்டாவது முடித்திருந்தாள். எங்கள் மிஷன் ஸ்கூலில் அதற்குமேல் வகுப்பு இல்லை. மேலே படிக்க வேண்டுமென்றால் சித்தூர் போர்டிங்குக்குப் போக வேண்டும். எங்கள் சபைக்கு வருஷத்துக்கு ஒரு பெண்பிள்ளைக்கு இலவச இடம் உண்டு. சாப்பாடு, படுக்கை, புத்தகம் எல்லாம் சும்மா. அந்த வருஷம் யாருக்கு என்று சபைக் கமிட்டி உட்கார்ந்து முடிவு பண்ணும். கிடைத்தால் பத்தாவது, அப்புறம் டீச்சர் ட்ரெயினிங். கிடைக்காவிட்டால் கடலைக்காய்க் கொல்லை. அக்கா கணக்கில் புலி. ஹெட்மாஸ்டரே கரும்பலகையில் தப்புப் போட்டால் எழுந்து நின்று, "சார், அங்க ஒண்ணு வுட்டுட்டீங்க" என்பாள்.

போர்டிங்குக்குப் போக அவள் ஒரு பையும் தைத்து வைத்திருந்தாள். பழைய கோதுமை மூட்டைத் துணி. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் அதில் அச்சடித்திருக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எத்தனை தரம் சோடா போட்டுத் துவைத்தும் அந்தக் கைகள் போகவில்லை. கடைசியில் துணியை உள்பக்கம் திருப்பித் தைத்தாள். பார்க்க வெள்ளைப் பை. திறந்து எட்டிப் பார்த்தால் உள்ளே இரண்டு கைகள்.

"போர்டிங்ல ஒருத்தரும் உள்ள பாக்க மாட்டாங்க இல்ல?" என்று என்னிடம் கேட்டாள்.

"நான் வந்து காவல் இருக்கறேன், போ" என்றேன். எனக்கு அப்போதே அவள் போய்விட்டால் யார் பக்கத்தில் படுப்பது என்று அழுகை வரும்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின மாதம் நைனா வெட்டிய கிணற்றில் பாறை வந்துவிட்டது. வெடி வைக்கக் காசில்லை என்று நிலத்துக்காரர் வேலையை நிறுத்தினார். வேலை நின்றால் கேழ்வரகும் நின்றது. கூழ் தண்ணீரானது. தம்பி அடுப்படியிலேயே உட்கார்ந்து பானையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்த மாதம்தான் அம்மா மிச்சமிருந்த கேழ்வரகையெல்லாம் மாற்றி டப்பாவை விளிம்புவரை நிரப்பினாள்.

நைனா கத்தினார். "புள்ள பட்டினி கெடக்குது. நீ டப்பாவுக்கு ஊட்டிக்கினு கீற."

"கமிட்டிக்காரங்க பாப்பாங்க. நல்ல குடும்பம், காணிக்கை தவறாத குடும்பம்னு தெரியணும். அப்பத்தான் பெரியவளுக்குக் கெடைக்கும்."

அக்காவும் அதை நம்பினாள். அவள் மட்டுமா, நானும்தான். டப்பா நிறைய நிறைய அக்கா சித்தூருக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன். அக்கா தன் பங்குக் களியைத் தம்பிக்குத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துப் படுத்தாள். "எனுக்காகத்தான இதெல்லாம்" என்பாள்.

பிடியரிசியம்மா வந்தார். வெயிலில் முகம் கறுத்து, மூக்குக்கண்ணாடியில் நூல் கட்டியிருப்பார். நல்ல மனுஷி. டப்பாவின் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"ஸ்தோத்திரம்! கம்பவுண்டர் வூட்ல கூட இத்தினி இல்லம்மா. தூக்கவே முடியல."

அம்மா தலையில் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் முகம் அவ்வளவு அழகாக இருந்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

அதே நாள் பிடியரிசியம்மா நாலு வீடு தள்ளி, கோயில் மணி அடிப்பவர் வீட்டுக்கும் போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மணியடிப்பவரின் மனைவி கலயத்தை எடுத்துக் கவிழ்த்தே காட்டினாள்.

"பாத்துக்கோங்க, எறும்புகூட இல்ல. நீங்கதான் எங்களுக்குக் குடுக்கணும்."

அவர்கள் வீட்டிலும் அக்கா வயதில் ஒரு பெண் இருந்தாள். மூத்த பையன் ரேணிகுண்டாவில் ரயில்வேயில் கூலி வேலை பார்த்து மாதாமாதம் ஏதோ அனுப்புவான். பணக்காரர்கள் இல்லை, சத்தியமாக இல்லை. எங்களைவிட ஒரு பிடி அதிகம், அவ்வளவுதான். ஆனால் இல்லாமையைக் கவிழ்த்துக் காட்ட அந்த ஒரு பிடியாவது வேண்டியிருக்கிறது. ஒன்றுமே இல்லாதவளுக்கு அது வராது. எத்தனையோ வருஷம் கழித்துத்தான் எனக்கு இது புரிந்தது.

அந்த ஞாயிறு ஆராதனை முடிவில் ஐயர் அறிக்கை வாசித்தார். எங்கள் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம். போர்டிங் இலவச இடம் மணியடிப்பவர் மகளுக்கு. அக்கா பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்தப் பை. அதைக் காட்டிக் கமிட்டிக்காரர்களுக்கு நன்றி சொல்லலாம் என்று எடுத்து வந்திருந்தாள், பைத்தியக்காரி. பையை மெதுவாகச் சுருட்டித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு ஆசீர்வாதம் முடிகிறவரை கண்ணை மூடியே இருந்தாள்.

மறுநாள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு பாதிரியார் பங்களாவுக்குப் போனாள். ஐயரம்மா பின்பக்கத் தாழ்வாரத்தில் முறத்தில் சன்ன அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கல்லோடு வந்த அரிசியைக் கோழிகளுக்கு வீசினார். நான் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா நின்றுகொண்டே கேட்டாள். "எங்க பெரியவளுக்கு ஏங்கம்மா கெடைக்கல? மார்க்கு கம்மியா?"

ஐயரம்மா கெட்டவர் இல்லை. அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"மார்க்கெல்லாம் உன் பொண்ணுதாம்மா முதல்ல. ஆனா அது ஏழைப் பிள்ளைக்கான இடம் இல்லையா? உங்க பேரை எடுத்ததுமே கமிட்டியில எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிட்டாங்க. அந்த வீட்ல கஷ்டம் கிடையாது, மாசாமாசம் டப்பா வழியுதுன்னு. எங்க வீட்டு டப்பாகூட அப்படி நிறைஞ்சதில்லம்மா. இருக்கிறவங்க இல்லாதவங்களுக்கு விட்டுக் கொடுக்கணும், என்ன?"

அம்மா சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். நாங்கள் சோறு தின்பதில்லை அம்மா, கேழ்வரகை மாற்றித்தான் போட்டோம், இதோ பாருங்கள் என் சின்னவளின் எலும்பை. கமிட்டி மறுபடி கூடாதா? சித்தூர் என்ன சமுத்திரத்துக்கு அந்தப் பக்கமா இருக்கிறது? நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது.

"ஆமாங்கம்மா" என்றாள். "கர்த்தரு குடுக்கறாரு. எங்களுக்கு ஒண்ணியும் கொறையில்ல."

அம்மாமேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் முழுசாக ஆறவில்லை. அவளுக்கு வேறு வழி இல்லையென்றும் தெரிகிறது. சொன்னால் அத்தனை மாதமும் கொடுத்தது பொய்யாகிவிடும். கோதுமைக்கு வந்தவள் என்று ஊர் சொன்னது நிஜமாகிவிடும். பெற்ற மகளா, அந்தச் சொல்லா என்று வந்தபோது அவளுக்கு நாக்கு எழவில்லை. இரண்டு பக்கமும் அடைத்துவிட்டுத்தானே நம்மை நடுவில் நிறுத்துகிறார்கள்!

வீட்டில் நைனா டப்பாவைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். ஒரு மூலை நசுங்கியது, குதிரை வண்டியின் சக்கரத்தில் நீலம் பெயர்ந்து தகரம் தெரிந்தது.

"இப்பவே போய்ச் சொல்லிட்டு வா. நாங்க துன்றது கூழுன்னு சொல்லு."

"நாக்கப் புடுங்கிக்கினு சாவேன். சொல்ல மாட்டேன்."

அக்கா டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கரண்டிக் காம்பால் நசுங்கின மூலையை உள்ளிருந்து தட்டித் தட்டி நிமிர்த்தினாள். முழுசாக நிமிரவில்லை.

கொஞ்ச நாளில் ஹெட்மாஸ்டர் வீட்டம்மாவே ஒரு வழி சொன்னார். அவருடைய தங்கை திருப்பதியில் வசதியாக இருக்கிறாராம். இரண்டு சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நம்பகமான பெண் வேண்டுமாம். "சம்பளம்னு பேச வேணாம், வீட்டுப் பொண்ணு மாதிரி. சாப்பாடு, துணி. கல்யாணத்துக்கு நகை அவங்களே போட்டுடுவாங்க" என்றார். வீட்டுப் பெண் மாதிரி! கணக்கில் புலியான பெண் அதையும் கேட்டுக்கொண்டாள். அந்த வெள்ளைப் பையில் இரண்டு பாவாடையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். திருமலையில் மொட்டை போட்டுத் திரும்புகிறவர்கள் எதிர்ப் பஸ்ஸில் இறங்கினார்கள், தலையெல்லாம் சந்தனம். அந்த வாசனையில்தான் அக்காவின் பஸ் கிளம்பியது.

அடுத்த மாதமே கண்டக்டர் ஒருவர் எங்கள் நிறுத்தத்தில் பையை இறக்கிக் கொடுத்தார். அக்காவின் பை. உள்ளே பாதிப் பைக்கு அரிசி. சன்ன அரிசி, ஒரே மாதிரி, வெள்ளைவெளேரென்று, பூச்சி வராமலிருக்க நொச்சி இலை போட்டு. அம்மா அதை முகர்ந்து பார்த்து அழுதாள். "மகராசி! சம்பளமில்லேன்னாலும் அரிசி அனுப்பறாங்க பாரு" என்று முகம் தெரியாத அந்தத் திருப்பதி அம்மாவுக்காக ஜெபம் பண்ணினாள். கடைசி அரிசி மணியும் விழ வேண்டுமென்று பையை உள்வெளியாகத் திருப்பி உதறியபோது அந்த இரண்டு கைகளும் வெளியே வந்தன. பையைக் கண்டக்டரிடமே திருப்பி அனுப்பினோம். அது மாதாமாதம் வந்தது.

அந்த அரிசியில் ஒரு வேளை அம்மா தம்பிக்குக் கஞ்சி வைத்தாள். மீதியை டப்பாவில் போட்டாள்.

பிடியரிசியம்மா மூடியைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இன்னாம்மா இது, முத்தாட்டம் கீது! இத சாக்குல கலக்க மாட்டேன். தனியா ஏலம் வுடலாம்" என்று வேறு பையில் வாங்கிக்கொண்டார். அறுப்பின் பண்டிகை அன்றைக்கு ஐயர் பிரசங்கத்தில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, எல்லோரும் திரும்பி எங்களைத்தான் பார்த்தார்கள். போர்டிங் இடம் கிடைக்காதபோதும் முறுமுறுக்காமல் முன்னைவிட நல்ல அரிசி கொடுக்கிற ஒரு குடும்பம் உண்டு, கொடுக்கிறவர்களை ஆண்டவர் எப்படி உயர்த்துகிறார் பாருங்கள் என்றார். பெஞ்சியில் இருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். பாயில் இருந்தவர்களும்தான்.

கோடையில் அம்மாவும் நானும் அக்காவைப் பார்க்கத் திருப்பதி போனோம். கொல்லைப்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்து எழுந்தாள். என் அக்காவா அது? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, கண் உள்ளே போய், விரல் இடுக்கெல்லாம் சாம்பலில் வெடித்து. அம்மா ஒன்றும் கேட்பதற்குள் அவள்தான் கேட்டாள்.

"டப்பா ரொம்புதாம்மா?"

"ரொம்புதுடி."

அந்த வீட்டம்மா வந்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "மாசாமாசம் அரிசி அனுப்பறீங்க. உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்."

அவர் முழித்தார். "நான் எங்க அனுப்பறேன்? அது உங்க பொண்ணு பங்கும்மா. காலையில அவளுக்குன்னு அளந்து வைக்கிற அரிசியில பாதிய எடுத்து அந்தப் பையில போட்டுடுது. ஏன்டின்னா, எங்க ஊர்ல அப்படித்தாங்க வழக்கம், ஒலைக்கு முந்தி எடுத்து வெப்போம்னு சொல்லுது. சாமி காரியம்னு நானும் விட்டுட்டேன். ஆனா சரியா சாப்பிட மாட்டேங்குது, நீங்களே சொல்லிட்டுப் போங்க."

அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தாள்.

"பெரியவளே, இனிமே அனுப்பாத. நீ துன்னு. என் தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு."

"நீ டப்பாவ நிறுத்து. நான் இத நிறுத்தறேன்" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

அக்கா பையை உதறி மடித்து எங்களிடமே கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் வரும்போது அம்மா தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். "இப்ப நிறுத்தினா இன்னா சொல்லுவாங்க? எடம் கெடைக்கல, அதுக்குத்தான் நிறுத்திட்டாம்பாங்க. கோயில்ல ஐயரே சொல்லிட்டாரே. இப்ப எப்பிடி நிறுத்தறது?" வடமாலபேட்டை வருகிறவரை அதேதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்கா மேலே படிக்கவில்லை. நகை போடுகிறேன் என்றவர்கள் போடவில்லை. அந்த வீட்டம்மா காலத்துக்குப் பிறகு அவர் மகள் வீட்டுச் சமையலறை. நெஞ்சில் சளி கட்டி, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தகவல் வந்தது. போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. மணியடிப்பவர் மகள் வாத்தியாரம்மாவாகி எங்கள் தெருப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லிக் கொடுத்தாள். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள். அவளை நான் என்ன குறை சொல்ல?

திருப்பதி போய் வந்த அந்த மாதம் பை வரவில்லை. நைனாவுக்கு வேறு கிணற்றில் வேலை கிடைத்துக் கொஞ்சம் கேழ்வரகு இருந்தது. மாதக் கடைசிக்கு முந்தின நாள் நடுமத்தியானம், அம்மா முந்தானைத் துணியில் கேழ்வரகை முடிந்து, மேலே இரண்டு வறட்டியை வைத்து என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைக்காரர் கேழ்வரகைக் கோபுரமாக அளந்தார். வழக்கமான சாக்கு காலி. உள்ளே போய் ஒரு சின்னப் பையோடு வந்தார். படியில் பாதிகூடக் கொட்டவில்லை, குச்சியை எடுத்துவிட்டார்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"சன்ன பிய்யம் பாப்பா! கலப்பு இல்ல. மீ சர்ச்சி, உங்க கோயில்லதான் போன மாசம் ஏலத்துல எடுத்தேன், தனிப் பை. ராகிக்கு இதுவே ஜாஸ்தி."

அரிசிக்குள் ஒரு நொச்சி இலை கிடந்தது. காய்ந்து உடைந்து, வாசனை மட்டும் போகாமல். அன்றைக்கு அவர் கொடுத்த வெல்லத்தை நான் வாங்கவில்லை.

வீட்டில் அம்மா துணியை அவிழ்த்தாள். அரிசியைப் பார்த்தாள். இலையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். எங்கே வாங்கினாய் என்று என்னைக் கேட்கவில்லை. தம்பி அடுப்படியிலிருந்து, "இன்னிக்கி சோறாம்மா?" என்றான். அம்மா அந்த இலையைத் தாலிக்கயிற்றில் செருகிக்கொண்டாள். பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு மணி சிந்தாமல், எல்லாவற்றையும் அதில் கொட்டினாள். அரிசி குறைவாகத் தெரியக் கூடாதென்று ஒரு பழந்துணியை மடித்து அடியில் வைத்துவிட்டுத்தான் கொட்டினாள்.

மறுநாள் பிடியரிசியம்மா வந்தார். மூடியைத் திறந்து பார்த்து, "ஸ்தோத்திரம்" என்றார்.